காகிதப்பூத் தொட்டிகளைப் பற்றி நான் சொன்ன பொய்

பிரபு,

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய ஞாயிறு நீ போன் செய்து கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. திருநின்றவூரில் உங்கள் ஃபிளாட் பால்கனியில் இருக்கும் எலுமிச்சைக்குத் தொட்டியின் அடி ஓட்டை வழியாக வேர் வந்துவிட்டது, தொட்டி மாற்ற வேண்டுமா, எப்போது, எப்படி என்று கேட்டாய். பதினெட்டு வருடம் கம்பெனித் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவனுக்கு அது ஐந்து நிமிடப் பேச்சு. நானோ, "நெட்ல பாருடா, எல்லாம் கீது" என்று சொல்லி, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "புள்ள என்னா கேட்டான்?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். அவளிடமும் பொய்.

நீ அதைச் செடியைப் பற்றி மட்டும் கேட்டாயா, என்னைச் சோதிக்கக் கேட்டாயா என்று இரண்டு மூன்று நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன். எட்டு வருடமாக நாம் இரண்டு பேரும் தொட்டி என்ற வார்த்தையையே பேசிக்கொண்டதில்லை. மழையைப் பேசினோம், ரயில் தாமதத்தைப் பேசினோம், உன் கல்யாணத்துக்கு எத்தனை வேன் வைப்பது என்று பேசினோம். நீ எது நினைத்துக் கேட்டிருந்தாலும் சரி, நான் போனை வைத்த விதம் எனக்கே அசிங்கமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நேரில் பேசினால் நடுவில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

முதலில் செடிக்குப் பதில். இப்போது பூவும் பிஞ்சுமாக இருக்கிறது என்றாய், அதனால் இப்போது தொடாதே. வெயில் தணிந்து, ஆடி கழிந்து, இரண்டு மழை பெய்யட்டும். மாற்றுவதற்கு முதல்நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு வை. மண் ஈரமாக இருந்தால்தான் வேரோடு ஒட்டி ஒரே கட்டியாக வரும். சாயங்காலம் செய். செடியின் தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, உள்ளங்கையால் மண்ணைத் தாங்கிக்கொண்டு, தொட்டியைச் சாய்த்து விளிம்பைச் சுற்றித் தட்டு. வரவில்லை என்றால் தொட்டியை உடைத்துவிடு; தொட்டி போனால் வேறு வாங்கலாம். வேரில் இருக்கும் மண்ணை உதறாதே. வெளிப்பக்கம் சுற்றிச் சுற்றி வளர்ந்திருக்கும் வேரை மட்டும் விரலால் மெல்லப் பிரித்துவிடு. புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு விரற்கடை அகலமாக இருந்தால் போதும். முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் வை. ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும். புதுத்துளிர் காணும்வரை உரம் எதுவும் போடாதே. அவ்வளவுதான். இதில் ஒரு வரிகூட நானாகக் கண்டுபிடித்ததில்லை. எல்லாம் எஸ்தர் செய்யும்போது பார்த்துத் தெரிந்துகொண்டது. எஸ்தரை உனக்கு நினைவிருக்கும். நினைவிருக்கிறதா என்று கேட்பதே கேவலம்தான்.

அவளைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவளும் நம் ஆரம்பாக்கம்தான். உன் தாத்தாவின் நெல்வயலில் அவள் அம்மா நாற்று நட்டவள். நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் அந்தக் கம்பெனித் தோட்டத்துக்கு சூப்பர்வைசராகச் சேர்ந்த மறு வருடம், காண்ட்ராக்டில் ஐந்து பெண்களை எடுத்தார்கள். அதில் ஒருத்தி எஸ்தர். மற்ற நாலு பேரும் சொன்ன வேலையைச் செய்வார்கள். இவள் மட்டும் செடியைப் பார்த்துவிட்டுச் செய்வாள். எந்தத் தொட்டி இறுகிப்போயிருக்கிறது என்று தூக்கிப் பார்க்காமலே சொல்வாள். முதல் சில வருடங்கள் அது எனக்கு வசதியாக இருந்தது. அவளிடம் கேட்டுக்கொண்டு போய் மேனேஜரிடம் என் யோசனை மாதிரிச் சொல்வேன். பிறகு எல்லோரும், "எஸ்தர கேளு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மேனேஜரே ஒரு நாள் என்னை நிற்க வைத்துக்கொண்டு அவளிடம் நேராகக் கேட்டார். அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. நம் வயலில் குனிந்து நின்றவளின் மகள் என்ற நினைப்பு எனக்குள் எங்கேயோ உட்கார்ந்திருந்தது. அப்போது கேட்டிருந்தால் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன்.

அந்தக் கத்திரி வெயில் காலம் உனக்குத் தெரியும். நீ கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாய். அதே கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பிரிவில் ஒரு மாதப் பயிற்சிக்கு வந்திருந்தாய். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று முன்வாசலுக்குப் பளபளப்பான புதுத் தொட்டிகள் நாற்பது வந்து இறங்கின. பழைய சிமெண்ட் தொட்டிகளில் இருந்த காகிதப்பூச் செடிகளை அவற்றில் மாற்ற வேண்டும். செடி முழுக்கப் பூ. காலை பதினோரு மணி. நீ டீ இடைவேளையில் என்னைப் பார்க்க வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். அதனால் அவள் சொன்னதை நீயும் கேட்டாய்.

"இந்த வெயில்ல வோணாம் சார். காகிதப்பூ வேரு நூலு மாதிரி, தொட்டாலே பிஞ்சிடும். பூ வேற நெறைய கீது."

"நாளைக்கு ஆளுங்க வராங்க எஸ்தரு. உன்ன கேட்டுக்கினா வருவாங்க?"

"அப்டின்னா மாத்தவே வோணாம் சார். புதுத் தொட்டி பெருசாத்தான கீது. பழைய தொட்டியோடவே தூக்கி உள்ள எறக்கி வச்சிடலாம். மேல கொஞ்சம் மண்ணு போட்டா யாருக்கும் தெரியாது. மழ வந்தப்புறம் பொறுமையா மாத்திக்கலாம்."

எவ்வளவு சரியான யோசனை பார். பத்து வருடம் யோசித்திருந்தாலும் எனக்கு வந்திருக்காது. ஒரு செடிகூடச் செத்திருக்காது. ஆனால் மற்ற நாலு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். நீ பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. என் மகன் எதிரில் இவள் எனக்குச் சொல்லித் தருகிறாளே என்று பட்டது. "மண்ண உதறிட்டு, நார்க்கழிவு கலவ போட்டு நடுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சாகணும்" என்று கத்தினேன். கலவை எடை குறைவாக இருக்கும், தூக்கி வைக்கச் சுலபம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அவர்கள் உதறினார்கள். வெறும் வேர் வெயிலில் கிடந்ததை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன்.

மறுநாள் வந்தவர்கள் பூவைப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேனேஜர் என் தோளில் தட்டினார். மூன்றாம் நாள் இலை சுருண்டது. எஸ்தர் காலையிலும் சாயங்காலத்திலும் தண்ணீர் விட்டாள். ஈரச் சாக்கைக் கட்டி நிழல் போட்டாள். அவளே நாலைந்து தொட்டிகளை வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இதையெல்லாம் என் கண்ணால் பார்த்தேன். பத்து நாளில் நாற்பதும் குச்சியாக நின்றன. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். வேலையை விட்டு எடுப்பேன் என்றுகூட அவர் மிரட்டவில்லை. "என்னாச்சு?" என்று மட்டும்தான் கேட்டார். நான் தயாராக வைத்திருந்தவன் மாதிரிச் சொன்னேன்: "தண்ணி முறை எஸ்தரோடது சார். ஆரம்பத்துலருந்தே இந்த வேல அவளுக்குப் புடிக்கல. வேணும்னே ஊத்தாம உட்டுட்டா."

அவளைக் கூப்பிட்டார்கள். மற்ற நாலு பேரையும் கூப்பிட்டார்கள். "நான் ஊத்துனேன் சார், ரெண்டு வேளையும் ஊத்துனேன்" என்றாள். அழவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அந்த நாலு பேரிடமும் திரும்பி, "இவ ஊத்துனத யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டேன். கேட்ட குரலிலேயே என்ன பதில் வரவேண்டும் என்று இருந்தது. நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். அன்றைக்கே அவளுடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். போகும்போது அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர்க் குழாயைச் சுருட்டி அதன் இடத்தில் மாட்டிவிட்டுப் போனாள்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது நீ சொன்னாய்: "அந்தக்கா வேணான்னு சொன்னாங்களே நைனா. நான் பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன். மேனேஜர்கிட்ட நான் சொல்லட்டா?" அந்த வயதில் உனக்கு இருந்த தைரியம் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. அதற்கு நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். நான் சொன்னது உனக்கு ஒரு வார்த்தை மாறாமல் நினைவிருக்கும். "உன் டிரெய்னிங் சர்ட்டிபிகேட்ல கையெழுத்து போடப்போறது அந்த மேனேஜர்தான். வாய மூடிக்கினு உன் வேலய பாரு." நீ மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தாய். தட்டைக் கழுவி வைத்தாய். அதோடு சரி. அதற்குப் பிறகு எதையும் நீ என்னிடம் எதிர்த்துப் பேசவில்லை. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டேன். பொறுப்பு இல்லை அது. என்னிடம் பேசிப் பிரயோசனம் இல்லை என்று நீ முடிவு செய்துவிட்டாய்.

இனிச் சொல்லப்போவது உனக்கும் தெரியாது, உன் அம்மாவுக்கும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து, அதே தொழிற்பேட்டையில் வேறு கம்பெனிக்குத் தோட்ட வேலை எடுத்திருந்த காண்ட்ராக்டர் எனக்குப் போன் செய்தார். எஸ்தர் என்று ஒரு அம்மா வேலை கேட்டு வந்திருக்கிறாள், உங்களிடம் இருந்தாளாமே, ஆள் எப்படி என்று கேட்டார். அன்றைக்கு யாரும் என்னை நெருக்கவில்லை. மேனேஜர் எதிரில் இல்லை. வீட்டில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். "வேணாம் சார், பேஜாரு புடிச்ச ஆளு" என்றேன். முதல் பொய்யையாவது பயத்தில் சொன்னேன் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்வது? அவள் வேறு இடத்தில் நல்ல பெயர் எடுத்துவிட்டால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடுமே என்று நினைத்தேன். பேட்டை முழுக்க அந்தப் பேச்சு பரவியது. தோட்ட வேலை அவளுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. இறால் கம்பெனிக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். எப்படியோ பிழைத்துக்கொண்டாள் என்று அதையும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

நீ போன் செய்த அந்த வாரம் புதன்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற தெரு. நம் வீட்டிலிருந்து நடந்தால் பதினைந்து நிமிடம். எட்டு வருடத்தில் ஒரு முறைகூட அந்தப் பக்கம் போனதில்லை. வாசலில் பிளாஸ்டிக் பைகளில் கன்றுகள் வரிசையாக இருந்தன. முருங்கை, மாதுளை, கறிவேப்பிலை. மருமகள் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். எஸ்தர் முக்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "வாங்க சார்" என்று நாற்காலியைக் காட்டினாள். கைகளை மடியில் வைத்திருந்தாள். விரல்கள் முட்டி முட்டியாக வீங்கி, பாதி மடங்கியே இருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "ஆறு வருசம் ஐஸ்லயே கெடந்த கை சார். காலைல விரிக்கறதுக்கே ஒரு மணி நேரம் ஆவுது. நாஷ்டா கூட மருமவதான் பிச்சி குடுக்கறா."

தொட்டி விஷயத்தைச் சொன்னேன். தண்ணீர் ஊற்றியதைப் பார்த்தும் ஊற்றவில்லை என்று சொன்னேன் என்று ஒத்துக்கொண்டேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், தெரிந்த கதையைக் கேட்பவள் மாதிரி. அப்புறம் அந்த காண்ட்ராக்டர் போன் செய்ததைச் சொன்னேன். தலை ஆட்டுவது நின்றுவிட்டது. மருமகளை உள்ளே போகச் சொன்னாள்.

"இது எனக்குத் தெரியாது" என்றாள். மறுபடியும், "இது தெரியாது" என்றாள். "நான் அந்த காண்ட்ராக்டர் ஊட்டுக்கு நாலு தபா நடந்தேன். வயசாயிடுச்சு, அதனாலதான் எடுக்கல போலன்னு நெனச்சிக்கினேன்."

"என்ன மன்னிச்சிடுன்னு கேக்கத்தான் வந்தேன் எஸ்தரு."

"அத அப்பால பாக்கலாம்." அவள் குரல் உயரவே இல்லை. "எங்கிட்ட வந்து சொல்லிட்ட. உனக்கு இனிமே தூக்கம் வரும். எனக்கு இன்னா ஆவும்? அந்த நாலு பேர் எதிர்லதான என்ன நிக்க வச்ச. அவங்க எதிர்ல போய் சொல்லு."

சார் என்பதை விட்டுவிட்டாள். அது எனக்குச் சரி என்றே பட்டது.

வியாழக்கிழமை கம்பெனி வாசலுக்குப் போனேன். எதிரில் இருக்கும் டீக்கடையில் நின்றேன். முதல் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வந்தார்கள். அந்த நாலு பேரில் இப்போதும் வேலையில் இருப்பவர்கள் கன்னியம்மாவும் இன்னொருத்தியும்தான். இரண்டு பேரும் என்னைக் கடந்து போய் ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். நான் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ரயிலேறி வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் காலையில் சட்டையை எடுத்து என் கையில் கொடுத்து, "இன்னிக்கும் சொல்லாம வந்தா ஊட்டுக்கு வராத" என்றாள்.

வெள்ளிக்கிழமை சொன்னேன். கடை வாசலில், பத்துப் பதினைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை, முன்னுக்குப் பின் உளறினேன். ஆனால் பொய் சொன்னது நான், எஸ்தர் தண்ணீர் ஊற்றினாள், வேரைக் கொன்றது என் உத்தரவு, பிறகும் அவளுக்கு வேலை கிடைக்காமல் செய்தது நான் என்ற நாலையும் சொல்லிவிட்டேன். யாரோ சிரித்தார்கள். கன்னியம்மா சிரிக்கவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க இன்னா புதுசா சொல்றீங்க. ஊத்துனது எனக்குத் தெரியாதா? நான் அவ பக்கத்துலதான கொத்திக்கினு இருந்தேன். நீங்க கேட்டப்ப நான் தரைய பாத்துக்கினு இருந்தேன், அவ என்னையே பாத்துக்கினு இருந்தா. அன்னிலருந்து அவ தெருப்பக்கமே நான் போறதில்ல. மார்க்கெட்ல பாத்தாகூட வேற பக்கம் திரும்பிக்கறேன். சொந்த அக்கா மாதிரி இருந்தவ சார் அவ."

இதை நான் எட்டு வருடத்தில் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒருத்தியின் வேலையைக் கெடுத்தேன் என்பதுதான் என் கணக்கு. கூட இருந்த நாலு பேரையும் அவள் முகத்தில் விழிக்க முடியாதவர்களாக ஆக்கியதை நான் பார்க்கவே இல்லை. மூன்றாமவள் ஆரணியில் மகள் வீட்டில் இருக்கிறாள். சனிக்கிழமை அங்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நாலாமவள் போன வருடம் இறந்துவிட்டாள். அவளுக்குச் சொல்ல எனக்கு வழி இல்லை.

ஆரணியிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் உன்னை நினைத்துக்கொண்டே வந்தேன். கன்னியம்மாவுக்குச் செய்ததைத்தான் உனக்கும் செய்திருக்கிறேன். உண்மை தெரிந்தவனைப் பேசவிடாமல் செய்து, அந்த அசிங்கத்தில் பாதியை உன் தலையில் கட்டிவிட்டேன். நீ அந்தச் சான்றிதழை ஒரு நாளும் யாருக்கும் காட்டியதில்லை என்பது எனக்குத் தெரியும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் போனாய். நான் கேட்கவில்லை. பிரபு, அது உன் தவறு இல்லை. பேசவேண்டிய நேரத்தில் நீ பேசினாய், நான்தான் அடக்கினேன். உனக்கு நான் எத்தனையோ புத்தி சொல்லியிருக்கிறேன், பெரும்பாலும் தேவையில்லாதது. இதை மட்டும் எடுத்துக்கொள்: உன் கீழே வேலை செய்கிற ஒருவர் உன் பிள்ளை எதிரில் உன்னை மறுத்துப் பேசும் நாள் வரும். அன்றைக்கு உனக்குத் தாங்காது. அப்போது எதுவும் சொல்லாதே. ஒரு டீ குடித்துவிட்டு வந்து பதில் சொல்.

இந்தக் கடிதத்தை ஒட்டி மூடவில்லை. இதே மாதிரி இன்னொன்று எழுதி எஸ்தர் கையில் கொடுத்துவிட்டேன். யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டு என்று சொன்னேன். வாங்கி, மருமகளிடம் கொடுத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கன்னியம்மா ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனாளாம். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்களாம். அந்த வீட்டில் எனக்கு அந்த இடம் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது.

திவ்யாவுக்கு இது எதுவும் தெரியாது. மாமனார் நல்லவர், செடிகொடி என்றால் உயிர் என்று அவள் தன் வீட்டில் சொல்லியிருக்கிறாள். சம்பந்தியம்மா என்னிடமே அதைச் சொன்னார்கள், நானும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் மூன்று மாதத்தில் உங்களுக்குக் குழந்தை பிறக்கும். அதைத் தூக்கி என் கையில் கொடுப்பதற்கு முன்னால் அவள் என்னைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கடிதத்தை நீ அவளிடம் கொடுக்காதே. வருகிற ஞாயிறு நானே வந்து அவள் எதிரில் உட்கார்ந்து என் வாயால் சொல்கிறேன். கேட்டுவிட்டு அவள் எழுந்து உள்ளே போய்விட்டால், நீ என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. அவளோடு போ.

உன் நைனா